காட்டுக்குள் போகாமலே தொடங்கலாம்: நம் பக்கத்தில் பறவை வழிகாட்டி ஆவது எப்படி?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். "அண்ணா, எனக்குப் பறவைன்னா உயிர். நானும் கைடு ஆகணும். எந்தக் காட்டுக்குப் போய்க் கத்துக்கணும்?" அஞ்செட்டியா, ஜவளகிரியா, ஒகேனக்கல்லா என்று இடத்தையும் அவர்களே அடுக்குவார்கள். என் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. எந்தக் காடும் வேண்டாம், உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள், ஒரு வருஷம் கழித்துப் பேசுவோம் என்பேன்.

தட்டிக்கழிப்பதற்காகச் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் காவிரி வடக்கு காட்டுயிர்ச் சரணாலயம் 2014ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர். இரண்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது; பத்து வருஷம் அனுபவம் உள்ளவனுக்கும் அதே கதைதான். புதிதாக வருகிறவர் காட்டை நம்பித் தொழில் தொடங்கினால், முதல் ஆண்டு முழுக்க அலுவலக வாசலில் நிற்பதிலேயே போய்விடும்.

ஏரி, கரடு, கொல்லைமேடு, மாந்தோப்பு ஓரம், அணையின் பின்புறச் சேறு இதெல்லாம் அப்படி இல்லை. ஊர்க்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேசினால் போதும். வாடிக்கையாளர்கள் எங்கே என்றால், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்புகிற ஒரு குடும்பம் சூரியன் ஏறுவதற்குள் நம் ஏரிக்கரையில் நிற்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஊட்டிக்காரருக்கோ முதுமலைக்காரருக்கோ இந்த வசதி கிடையாது. என் வருமானத்தில் முக்கால் பங்கு இப்படி வருகிற அரைநாள் ஆட்களிடமிருந்துதான்.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதல் ஆண்டு: ஒரே ஓர் ஏரி

வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஓர் ஏரியோ அணையோ தேர்ந்தெடுங்கள். ஓசூர்க்காரருக்கு ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை. கிருஷ்ணகிரி பக்கம் கே.ஆர்.பி. அணை, போச்சம்பள்ளி பக்கம் பாரூர் ஏரி, ஊத்தங்கரையில் பாம்பாறு அணை. தருமபுரி பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு, தும்பலஹள்ளி, நாகாவதி, தொப்பையாறு, அரூர் பக்கம் வாணியாறு என்று அணைக்குப் பஞ்சமில்லை. இது எதுவும் பக்கத்தில் இல்லையென்றால், பெயர் தெரியாத ஒரு சின்ன ஏரி இன்னும் நல்லது. போட்டி இருக்காது.

அந்த ஓர் ஏரிக்கு வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே பாதையில், 12 மாதம் நடக்க வேண்டும். நோட்டில் தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, காற்று எப்படி, எந்தப் பறவை எத்தனை என்று எழுத வேண்டும். "நிறைய கொக்கு" என்று எழுதாதீர்கள், எண்ணுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்துப் பறவைக்கு எவ்வளவு இடம் என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்தாகக் கூட்டத்தின் மேல் நகர்த்துங்கள். முதலில் பாதிக்குப் பாதி தப்பாகும். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

இது எதற்கு? ஒரு விருந்தினர் நவம்பர் மூன்றாம் வாரம் வருகிறேன் என்று போன் செய்கிறார். அந்த வாரம் வாலாட்டி வந்திருக்குமா, சூறைக்குருவிக் கூட்டம் எந்தப் புளியமரத்தில் அடையும், தண்ணீர் இறங்கிச் சேறு தெரிகிறதா, உள்ளான்கள் இறங்கினவா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது. உங்கள் நோட்டு சொல்லும். வேறு ஊரிலிருந்து வருகிற எவ்வளவு பெரிய பறவையியலாளருக்கும் இல்லாத ஒரே சரக்கு அதுதான்; அதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

நோட்டில் எழுதியதை இ-பேர்டிலும் ஏற்றுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்ய, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ல் தொடங்கிய இலவச இணைய வசதி அது. இந்தியாவில் பேர்டு கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு அதை வளர்த்து வருகிறது. நீங்கள் தப்பாக ஒரு பெயர் போட்டால், சரிபார்க்கிற தன்னார்வலர் ஒருவர் "இது நிச்சயமா, படம் இருக்கிறதா?" என்று கடிதம் போடுவார். கோபப்படாதீர்கள். எனக்கு அப்படி வந்த கடிதங்கள்தான் என் பள்ளிக்கூடம். கரும்பருந்தைப் பார்த்து ஏதோ அரிய கழுகு என்று போட்டு மாட்டிக்கொண்ட கதை என்னுடையது. கழுகு, பருந்து இனங்களைக் கடைசியாகப் படியுங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்வது அதனால்தான்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலக அளவிலான கணக்கெடுப்பு, வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு மூன்றிலும் கலந்துகொள்ளுங்கள். வனத்துறையின் கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் போனால் இரண்டு நன்மை. அனுபவசாலி ஒருவரோடு ஒரு நாள் முழுக்க நடக்கலாம். வனவரும் வனக்காப்பாளரும் உங்கள் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பின்னால் அனுமதி கேட்டுப் போகும்போது அந்த முகப்பழக்கம் உதவும்.

எத்தனை பறவை தெரிந்தால் போதும்?

முதலில் 60. அதுவும் அரியவை இல்லை. முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம், பாம்புத்தாரா, மடையான், உண்ணிக்கொக்கு, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பவளக்காலி, ஆள்காட்டி, ஆற்று ஆலா, மூன்று வகை மீன்கொத்தி. கரையேறினால் பனங்காடை, பஞ்சுருட்டான், கரிச்சான், செம்போத்து, தவிட்டுக்குருவி, கதிர்க்குருவி, தூக்கணாங்குருவி, வானம்பாடி. இவற்றை ஆண், பெண், குஞ்சு, பறக்கும்போது, முதுகுப்பக்கம் வெயில் அடிக்கும்போது என்று எப்படிப் பார்த்தாலும் சொல்லத் தெரிந்தால் ஒரு காலை நேரத்தை நடத்திவிடலாம்.

இதில் பாதியைக் கண்ணால் பார்க்காமலே சொல்லத் தெரிய வேண்டும். விடியற்காலை இருட்டில் வரப்பில் உட்கார்ந்து, கேட்கிற ஒவ்வொரு குரலுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். தெரியாத குரலைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அந்தப் பறவை கண்ணில் படும்வரை விடாதீர்கள். குரல் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதைக் காட்டி விருந்தினருக்குப் பெயர் சொன்னால் அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார்: இது என் போனிலும் இருக்கிறதே, இவருக்கு எதற்குப் பணம்?

பெயர் விஷயத்தில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பிறந்தவருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நாக்கில் இருக்கும். நம்முடைய பனங்காடை தெலுங்கில் பாலபிட்ட, கன்னடத்தில் நீலகண்ட. தெலங்கானாவுக்கும் கர்நாடகாவுக்கும் அதுதான் மாநிலப் பறவை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, அது இந்தியன் ரோலர் என்று நான் சொன்னபோது சும்மா தலையாட்டினார். நீலகண்ட என்றதும் கைகூப்பிக் கும்பிட்டார். தசரா நாளில் அதைப் பார்த்தால் நல்லது என்று அவர் ஊரில் சொல்வார்களாம். அடுத்த அரைமணி நேரம் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. ஆங்கிலப் பெயர் கட்டாயம் தெரிய வேண்டும், விருந்தினர் பட்டியல் அதில்தான் இருக்கும். கூடவே மூன்று மொழிப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரடு

ஏரி பிடிபட்ட பிறகு பாறைக் கரட்டுக்குப் போங்கள். நம் மாவட்டத்தின் தனிச்சிறப்பு அங்கேதான் இருக்கிறது, நாம்தான் அதை ஜல்லிக்கல்லாகப் பார்க்கிறோம். கொம்பன் ஆந்தை, கல்கௌதாரி, கண்கிலேடி, இரவானால் பக்கி. பாறையும் புதரும் சேர்ந்த மேலகிரிச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. மேலகிரியில் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால், அதைக் காட்ட எங்கே அனுமதி வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொம்பன் ஆந்தை கூடு வைத்திருக்கும் பாறையை உயிருக்குயிரான நண்பனுக்குக்கூடச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை ஒரு புகைப்படக்காரருக்குக் காட்டினேன். அடுத்த வாரம் அதே இடத்தில் நான்கு கார்கள் நின்றன. அந்த வருஷம் அந்தப் பாறையில் குஞ்சு பொரிக்கவில்லை. கார்கள்தான் காரணமா என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் அதற்குப் பிறகு கூடு இருக்கும் இடத்துக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் இதே கணக்குதான். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அது பதறி ஓடி வருகிறது. இரை தேடும் நேரம் அதில் போகிறது. நான் செய்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதனால் இழந்த வாடிக்கையாளர் இரண்டு பேர், கிடைத்தவர்கள் அதைவிட அதிகம்.

கருவி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 8×42 பைனாகுலர் ஒன்று. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே நல்லதாகவே கிடைக்கிறது. கேமரா இப்போது வேண்டாம். கேமரா வாங்கியவர் விருந்தினரை மறந்துவிட்டுத் தன் படத்துக்கு அலைகிறார், நானே பார்த்திருக்கிறேன். அணைக்கட்டுகளில் தூரத்து வாத்துகளைக் காட்ட ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற முக்காலித் தொலைநோக்கி ஒன்று இருந்தால் தொழிலே மாறிவிடும். அது இரண்டாம் ஆண்டுச் செலவு. முதல் சம்பாத்தியத்தில் இன்னொரு பைனாகுலர் வாங்குங்கள், சும்மா கையை வீசிக்கொண்டு வருகிற விருந்தினருக்குக் கொடுக்க.

படிப்பும் சான்றிதழும்

டிகிரி கட்டாயமில்லை. படிக்கிற வயதில் இருக்கிறீர்கள் என்றால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. 1883ல் தொடங்கிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் வேலையில் இருப்பவர்களும் படிக்கும்படி பறவையியல் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. நான் ஓசூரில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே கற்றவன்; இரவு ஷிப்டு முடிந்து நேராக ஏரிக்குப் போவேன், அதுதான் என் கல்லூரி.

காவிரிக்கு அக்கரையில், பீமேஸ்வரியில், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தும் முகாம் இருக்கிறது. ஒருமுறை பணம் கட்டி விருந்தினராகத் தங்கிப் பாருங்கள். அங்கே இருக்கும் இயற்கை வழிகாட்டி விடியற்காலை எப்படி எழுப்புகிறார், பரிசலில் முதலையைக் காட்டும்போது குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார், ஒன்றுமே தென்படாத நேரத்தை எப்படி நிரப்புகிறார் என்று கவனியுங்கள். நான் கட்டிய பணத்துக்கு மேல் அங்கே கற்றேன்.

ஒரு சான்றிதழ் மட்டும் கட்டாயம் என்பேன்: முதலுதவி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் கொல்லைகளில் உண்டு. கடித்தால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் ஒவ்வொரு பாதைக்கும் அந்த மருத்துவமனை எது, எத்தனை நிமிஷம் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். பாறைப் பக்கம் போகிற அன்று சென்ட் போட்டு வராதீர்கள் என்று விருந்தினருக்கு முந்தின நாளே செய்தி அனுப்புங்கள். மலைத்தேனீ கலைந்தால் ஓட இடமிருக்காது.

காடும் யானையும்

காட்டுப் பக்கம் போகாதீர்கள் என்றேன், ஆனால் காடு நம்மிடம் வரும். ராகி முற்றும் சமயம் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, சானமாவு, ராயக்கோட்டை வரைக்கும் வருகின்றன. கார்த்திகை முதல் மாசி வரை நம் பறவைச் சீசனும் அதுதான். ஆகவே எந்தக் கொல்லைமேட்டுக்குப் போவதற்கு முன்பும், காலை 5 மணிக்கே அந்த ஊரில் யாராவது ஒருவருக்குப் போன் போட்டு, "ராத்திரி சாமி வந்துச்சா?" என்று கேட்பது என் வழக்கம். காட்டோரத்து ஆட்களிடம் யானை என்று கேட்க மாட்டேன், சாமிதான். வந்திருந்தால் அன்று வேறு ஏரி. விருந்தினர் கெஞ்சினாலும், கூடப் பணம் தருகிறேன் என்றாலும், வேறு ஏரி.

ஒரே ஒரு தடவை இதில் தவறினேன். பனிமூட்டம். அவரைக்கொல்லை ஓரம் நடந்துகொண்டிருந்தோம், நான் ஒரு நெட்டைக்காலியைக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் பாறை என்று நினைத்தது காதை ஆட்டியது. ஒரு 60 அடி இருக்கும். ஐந்து பேரையும் பேசாமல் பின்னால் நகர வைத்து ரோட்டுக்கு வந்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அன்று காசு வாங்கவில்லை. அவர்கள் என்னவோ அதுதான் சிறந்த பயணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

உண்மையிலேயே காட்டுக்குள் ஆட்களை அழைத்துப்போக வேண்டுமென்றால் அரசு வழியாகத்தான் முடியும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது; அதில் காட்டோரக் கிராமத்து இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைக்கிறார்கள். நீங்கள் இருளர் குடியிருப்பிலோ, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக்கிராமத்திலோ பிறந்தவர் என்றால் முதலில் வனத்துறையைக் கேளுங்கள். சிறுவயதிலிருந்து காடு பழகிய கண்ணுக்கு நாங்கள் யாரும் ஈடில்லை. ஓசூர், தருமபுரி, அரூர் மூன்று இடத்திலும் மாவட்ட வன அலுவலகங்கள் இருக்கின்றன.

நம் காவிரிக் கரைக் காட்டில் சாம்பல் மலை அணில், நீர்நாய், முதலை, நாற்கொம்பு மான் எல்லாம் இருக்கின்றன. படித்து வையுங்கள், கேட்பார்கள். ஒகேனக்கல்லில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடங்களிலிருந்தே ஆற்றோரப் பறவைகளைக் காட்டலாம். ஆனால் மீன் வறுவல் வாசனை வந்ததும் குழு கலைந்துவிடும், அதற்கு நான் இன்னும் தீர்வு கண்டுபிடிக்கவில்லை.

ஆட்களை நடத்துவது

பறவை தெரிந்த பத்துப் பேரில் ஒருவர்கூட வழிகாட்டியாக நிலைப்பதில்லை. காரணம் இந்தப் பகுதிதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை போய் இடத்தைப் பாருங்கள். நேற்று இருந்த தண்ணீர் இன்று இருக்காது. மீன் குத்தகைக்காரர் வலை வீசியிருப்பார், ஊர்த்திருவிழாவுக்கு மைக் செட் கட்டியிருப்பார்கள். மாற்று இடம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

ஒரு குழுவுக்கு ஆறு பேர் போதும். ஏழாவது ஆள் வந்ததும் பின்னால் ஒரு கிசுகிசு தொடங்கும், பறவை போய்விடும். சூரியன் உங்கள் குழுவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளியானாலும் பாரூரானாலும், எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

பறவையைக் காட்டுவது தனிக் கலை. "அதோ, அந்தக் கிளையில்" என்பது பயனில்லை, நூறு கிளை இருக்கிறது. மரத்தை ஒரு கடிகாரமாக நினைக்கச் சொல்லுங்கள். "வேலமரம், பத்து மணிப் பக்கம், காய்ந்த கிளைக்கு ஒரு சாண் கீழே." கடைசி ஆள் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரியும்வரை நகராதீர்கள். வயதானவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்பார்கள். "என்ன நிறத்தில் இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டால் தெரிந்துவிடும்.

கழிப்பறை. யாரும் எழுதாத விஷயம். ஏரிக்கரையில் பெண்கள் படும் பாடு ஆண் வழிகாட்டிகளுக்குத் தோன்றுவதே இல்லை. ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்த ஓட்டலில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெண் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்படும்போதே அங்கே நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். என்னிடம் திரும்பி வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள் குழு. இந்த ஒன்றுக்காகத்தான் வருகிறோம் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் வருகிற இலைக்கதிர்க்குருவிகளைப் பார்த்து ஏதாவது ஒரு பெயரை அடித்துவிடலாம் என்று தோன்றும். வந்தவரில் ஒருவர் உங்களைவிடத் தெரிந்தவராக இருப்பார், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் நீங்கள் சரியாகச் சொன்னதையும் நம்ப மாட்டார்.

பறவை இல்லாத நேரமும் வரும், பத்து மணிக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். அப்போது கேழ்வரகுக் கொல்லையைக் காட்டுங்கள், ஏர் ஓட்டும்போது உண்ணிக்கொக்கு ஏன் பின்னால் நடக்கிறது என்று சொல்லுங்கள், உழுத மண்ணில் கிளம்புகிற பூச்சிக்கு. ஏரி மதகு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுங்கள். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கினால் மறைக்காதீர்கள். தென்பெண்ணை பெங்களூருப் பக்கத்துக் கழிவையும் சுமந்துதான் இங்கே வருகிறது என்று சொல்லுங்கள். பெங்களூர்க்காரர்கள் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள்.

காலை உணவை ஊரிலேயே வையுங்கள். நான் ஓர் அக்கா வீட்டில் களி, கொள்ளுத் துவையல், கீரைக்கடைசல் சொல்லி வைத்திருக்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று அவர் கையில் நேராகக் கொடுக்கச் சொல்வேன். அந்த ஊரில் எங்கள் காரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. ஊர் ஆதரவு இல்லாமல் இந்தத் தொழில் ஒரு மாதம் ஓடாது. குத்தகைக்காரர், ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிற நீர்க்கட்டி, ஆடு மேய்க்கிறவர், கோயில் பூசாரி இவர்களிடமெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று முதலிலேயே விளக்கிவிடுங்கள். தோப்புக்குள் நுழையுமுன் கேளுங்கள், மாங்காய்க் காலத்தில் கேட்டாலும் நுழையாதீர்கள். துறையில் பெண்கள் குளிக்கும்போது, துவைக்கும்போது அந்தப் பக்கம் யாருடைய கேமராவும் திரும்பக் கூடாது. இதை வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வலை கட்டிக் காடை, கௌதாரி பிடிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். விருந்தினர் முன்னால் வீரம் காட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972லிருந்து இருக்கிறது, 2022ல் திருத்தினார்கள். வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அதன்படி குற்றம்தான். இதைச் சொன்னால் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் நெளிவார்.

காசு

முதல் பத்துப் பயணம் நண்பர்களுக்கு இலவசம், அவர்கள் உண்மையான குறை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிறகு நான் அரைநாளுக்கு 500 ரூபாய் கேட்டேன், கேட்கும்போது குரல் நடுங்கியது. இப்போது ஆறு பேர் குழுவுக்கு அரைநாள் 3,000. முதல் இரண்டு வருஷம் இதை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது, வேலையை விட்டுவிடாதீர்கள். நான் நான்காம் ஆண்டில்தான் விட்டேன்.

பாதிப் பணத்தை முன்பதிவின்போதே வாங்குங்கள். ஒரு சுற்றுலா நிறுவனம் என்னை வைத்து எட்டுப் பயணம் நடத்திவிட்டு மூன்று மாதம் பணத்துக்கு இழுத்தடித்தது. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் கணக்காளர் விடுப்பில் இருந்தார். முன்பணம் இல்லாமல் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை என்பது அதற்குப் பிறகு வந்த விதி. யானையால் ரத்தானால் முழுப்பணமும் திருப்பிக் கொடுப்பேன், அல்லது வேறு தேதி. விருந்தினர் தூங்கிவிட்டால் அது அவர் கணக்கு.

உங்கள் சொந்தக் காரில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றாதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அதைவிட, விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. விருந்தினர் தங்கள் காரில் வரட்டும், இல்லையென்றால் மஞ்சள் பலகை டிரைவர் ஒருவரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தக் கவலை. அந்தக் கவலை நமக்கு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்.

சித்திரை, வைகாசி காய்ந்துபோகும். ஏரி வற்றும், ஆள் வர மாட்டார்கள். அந்த மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தலாம்; காசு குறைவு, ஆனால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அடுத்த மார்கழியில் குடும்பமே வரும். தூக்கணாங்குருவி கூடு கட்டத் தொடங்குவதும் மழை இறங்குகிற சமயம்தான். கிணற்று ஓரத்து ஈச்சமரம் ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டால் ஆடி, ஆவணியிலும் காட்ட ஏதாவது இருக்கும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால் ஆவணி என்பேன். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ உங்கள் ஏரிக்கரையில் முதல் வாலாட்டி இறங்கும். அன்றைய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருஷமும் எழுதி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். காலையில் வேண்டாம், பதினொரு மணிக்கு மேல்.